துறைமேடையிலிருந்து பொய் இறால் வீசிக் கணவாய் பிடித்தல்

கடற்கரைக் கிராமங்களின் பஞ்சாயத்துக் கூட்டங்களில் ஆண்டு தவறாது எழும் கோரிக்கைகளுள் தூண்டில் வளைவும் ஒன்று. அலை கரையை அரித்துச் செல்லாதவாறு கருங்கற்களைக் கொட்டி, கடலுக்குள் வளைத்து அமைக்கும் சுவருக்கு, அதன் உருவங்கண்டு நம் மீனவ மக்கள் இட்ட பெயர் இது. பெயரிலேயே தூண்டில் இருந்தும், அச்சுவரின் மீதும் அதனை அடுத்த துறைமேடையின் மீதும் நின்று தூண்டில் போடுவோர் பெரும்பாலும் உண்மையான இரையைக் கோத்து, ஈயக்குண்டு கட்டி, ஆழத்தில் இறக்கிவிட்டுக் காத்திருப்பவர்களே. இரையே இல்லாமல், மரத்தினாலோ பிளாஸ்டிக்கினாலோ செய்த பொய் இரையைத் தொலைவில் வீசி, அதற்கு உயிர் உள்ளது போன்ற அசைவைக் கையினாலேயே ஊட்டிப் பிடிக்கும் முறை நம்மிடையே இன்னும் சிலருக்கே பழக்கமானது.

இம்முறையில் பலவகை மீன்களைப் பிடிக்கலாம். பாறை, கொடுவா, ஊளி ஆகிய மூன்றும் சிறுமீன்களைத் துரத்தி உண்பவை. ஆதலால் பளபளக்கும் எப்பொருளையும் பாய்ந்து கவ்வும். எனினும் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது மீனன்று, கணவாய். அதற்குக் காரணம் உண்டு. ஜப்பான் நாட்டின் தென்கோடியில் மீனவர்கள் தாமே கண்டு வளர்த்த கணவாய்த் தூண்டில் ஒன்று இன்று அந்நாட்டின் துறைமேடைகளெங்கும் பரவியுள்ளது. அத்தூண்டிலில் அகப்படும் கணவாயும் நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் கணவாயும் ஒரே இனம் எனக் கொள்ளப்படுகின்றன. அறிவியலார் இதனை ‘செபியோதியூத்திஸ் லெசோனியானா’ என்பர். அங்கே அதன் பெயர் ‘அவோரி இகா’. நம் கரையில் ஊசிக்கணவாய் என்று பொதுவாக வழங்கும் வகையைச் சேர்ந்தது; ஆனால் மற்ற ஊசிக்கணவாய்களுக்குத் துடுப்பு வால்புறத்தில் மட்டும் அமைந்திருக்க, இதற்கோ உடலின் இருமருங்கிலும் தலை முதல் வால் வரை அகன்ற துடுப்பு ஓடுகிறது. அதைக் கொண்டு எவரும் இதனை எளிதில் இனங்காணலாம். உள்ளே வெண்சுண்ணாம்பு ஓடு கொண்ட ஓட்டுக்கணவாய் வேறு. இதன் உள்ளே இருப்பது கண்ணாடி போன்ற மெல்லிய தகடு.

இழுவைமடியில் நசுங்கி, மை படிந்து, தோல் உரிந்து வரும் கணவாய்க்கும், ஒவ்வொன்றாகத் தூண்டிலில் பிடித்த கணவாய்க்கும் ஏலக்களத்தில் உள்ள வேறுபாட்டைக் கடற்கரை மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இம்முறைக்குப் படகு வேண்டாம், எண்ணெய்ச் செலவு வேண்டாம், வலையும் வேண்டாம். கடலை ஒட்டிய ஊர்களில் வயலில் வேலையற்ற மாதங்களில் சிறு வருவாய் தேடும் உழவர் குடும்பங்களும் இதனைக் கற்றுக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று. இது படகுத் தொழிலுக்கு ஈடாகும் பெருந்தொழிலன்று. ஒருவர் மாலை முழுதும் வீசி ஒன்றும் பெறாது வீடு திரும்பும் நாட்கள் பல இருக்கும்.

பொய் இறாலின் வரலாறும் அமைப்பும்

ஜப்பானியர் இத்தூண்டிலை ‘எகி’ என்பர். ‘எ’ என்றால் இரை, ‘கி’ என்றால் மரம். இரைமரம் என்பதே பொருள். கியூஷூ தீவின் தெற்கே முற்காலத்தில் சத்சுமா என வழங்கிய காகோஷிமாப் பகுதியும், அதற்கும் தெற்கேயுள்ள அமாமி ஓஷிமா தீவும் இதன் பிறப்பிடங்கள். எவ்வாறு பிறந்தது என்பதற்கு ஒரு செவிவழிக் கதை உண்டு. இரவில் தீவட்டி பிடித்து மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரின் கையிலிருந்து எரிந்த கட்டை கடலில் விழுந்ததாம். கணவாய் ஒன்று ஓடிவந்து அதனைத் தழுவிக்கொண்டதாம். கதை எவ்வளவு உண்மையோ, பழைய எகிகள் பலவற்றின் மேற்புறம் நெருப்பில் வாட்டிக் கருக்கப்பட்டிருப்பது மட்டும் உண்மை. முதலில் மீன் வடிவில் செதுக்கப்பட்டவை நாளடைவில் இறால் வடிவம் பெற்றன. பின்னர் அவற்றுக்குத் துணி போர்த்தும் வழக்கம் வந்தது. இக்காலத்தில் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. ஆனால் வடிவமும் துணியும் பழையனவே.

இதன் உறுப்புகள் நான்கே. இறாலைப் போல முதுகு சற்று வளைந்த உடல்; தாடையின் கீழ்த் தொங்கும் ஈயத்தகடு; மார்பின் இருபுறமும் சிறு இறகு; வாலில் வட்டமாக அமைந்த ஊசிகள். இவ்வூசிகளே தூண்டில் முள்ளின் வேலையைச் செய்வன. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குகளில், காற்றில் மேல்நோக்கி மடங்கிய குடையின் கம்பிகளைப் போல இவை வளைந்து நிற்கும். சாதாரண முள்ளில் உள்ள எதிர்க்கொக்கி இவற்றில் இல்லை. இது நினைவில் வைக்கத்தக்கது; பின்னர் இதனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அளவுகளை அந்நாட்டார் தம் பழைய நீட்டல் அளவையால் குறிப்பர். ஒரு ‘சுன்’ என்பது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். மூன்றரை எண் கொண்ட எகி 10½ சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமும் 20 கிராம் அளவில் எடையும் உடையது. இரண்டரை எண் 7½ சென்டிமீட்டர் அளவினது. முன்னது பெரிய கணவாய்க்கும், பின்னது இளங் கணவாய்க்கும் உரியன.

தச்சு வேலை அறிந்தவர் இதனை நம் ஊரிலேயே செய்யலாம். கல்யாண முருங்கை போன்ற இலேசான மரம் ஏற்றது. மரத்தை நன்கு உலர்த்திச் செதுக்கி, நீர் ஊறாதவாறு வார்னிஷ் பூசிய பின்னரே துணி ஒட்டவேண்டும். கடினமான பகுதி செதுக்குவதன்று. எடையைச் சமன் செய்வதே. பொய் இறால் தலை கீழ்நோக்கி, வால் மேல்நோக்கி, சாய்வாக, மெதுவாக இறங்கவேண்டும். மட்டமாக விழுந்தாலும் செங்குத்தாக விழுந்தாலும் கணவாய் ஏமாறுவதில்லை. மூன்றரை எண் எகி ஒரு மீட்டர் இறங்குவதற்கு 3 முதல் 3½ விநாடி எடுத்துக்கொள்ளும். ஈயத்தை அரம் கொண்டு சிறிது சிறிதாகத் தேய்த்து இவ்வேகத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். சோதனை செய்யக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. மோட்டார்க் கொட்டகையின் தண்ணீர்த் தொட்டியே போதும். ஆனால் நன்னீரில் எப்பொருளும் சற்று விரைவாக இறங்கும். ஆதலால் ஓர் உயரமான வாளியில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பைக் கரைத்து, அதில் இறங்கும் சாய்வையும் வேகத்தையும் பார்த்துக்கொள்வது சரியான முடிவைத் தரும்.

துணியின் நிறம் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் நூறு நிறங்களில் எகிகள் அடுக்கப்பட்டுள்ளன. செம்மஞ்சளா, இளஞ்சிவப்பா, பச்சையா என்று வாங்குவோர் மயங்கி நிற்பர். கணவாயின் கண்ணோ மிகக் கூர்மையானது. ஆனால் அதற்கு நிறம் பிரித்தறியும் ஆற்றல் இல்லை என்பதே ஆய்வாளர் கூறுவது. பெரும்பாலான கணவாய் இனங்களின் கண்ணில் ஒளியை உணரும் நிறப்பொருள் ஒன்றே உள்ளது. அது காண்பது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டையும், ஒளி அதிரும் திசையையுமே. ஆகவே தெளிந்த நீரில் பகல் வேளைக்கு மங்கலானது ஒன்று, கலங்கிய நீருக்கும் இரவுக்கும் நன்கு எடுத்துக்காட்டுவது ஒன்று என இரண்டு வைத்துக்கொண்டால் தொடக்கக்காரருக்குப் போதும். மற்ற நிறங்கள் கணவாயைவிட வாங்குவோரையே பெரிதும் பிடிக்கின்றன என்பது நம் கருத்து.

கருவிகள்

கோல் இரண்டரை மீட்டர் நீளமுள்ளதாய், நுனி வளைந்தும் நடு விறைத்தும் இருக்கவேண்டும். அடியில் நூல் சுற்றும் ரீல் ஒன்று பொருத்தப்படும். நூல் விஷயத்தில் ஜப்பானியர் இருவகையை இணைக்கின்றனர். ரீலில் இருப்பது பல இழைகளைப் பின்னிய மெல்லிய நூல். கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கே. அது நீளாது, ஆதலால் ஐம்பது மீட்டருக்கு அப்பால் கணவாய் தொட்டாலும் கைக்குத் தெரியும். ஆனால் கல்லில் உரசினால் உடனே அறுந்துவிடும். எனவே அதன் முனையில் ஒன்றரை மீட்டர் அளவுக்குச் சற்றுத் தடித்த, உரசலைத் தாங்கும் ஒற்றை நரம்பை முடிந்து, அதன் முனையில் பொய் இறாலைக் கட்டுகின்றனர். பின்னல் நூல் கிடைக்காத இடத்தில் தங்கூசி நரம்பே கொண்டு தொடங்கலாம். தொடு உணர்ச்சி குறையும், அவ்வளவே.

வீசும் முறை

முதலில் பின்னால் திரும்பிப் பார்க்கவேண்டும். இதனை எத்தனை முறை சொன்னாலும் தகும். துறைமேடையில் வலை பிரிப்போரும், கூடை சுமப்போரும், வேடிக்கை பார்க்கும் சிறுவரும் உண்டு. இருபது கிராம் எடையும் இருபதுக்கு மேற்பட்ட ஊசிகளும் கொண்ட ஒரு பொருள் தலைக்குப் பின்னாலிருந்து சுழன்று வருகிறது என்பதை வீசுபவர் ஒரு கணமும் மறத்தலாகாது.

பொய் இறால் கோல் நுனியிலிருந்து அரை மீட்டர் தொங்கட்டும். வலக்கையின் சுட்டுவிரலால் நூலைக் கோலோடு அழுத்திப் பிடித்து, ரீலின் வளையத்தைத் திறந்து, கோலைத் தோளுக்குப் பின் கொண்டுசென்று, இடக்கையால் அடியை வயிற்றை நோக்கி இழுத்தவாறே வலக்கையால் மேற்பகுதியை முன்தள்ளவேண்டும். எறியும் வலிமையைத் தருவது தோளன்று. வளைந்த கோல் நிமிரும் விசையே. கோல் தலைக்கு நேர் மேலே சற்று முன்னால் வரும்போது விரலை விடவேண்டும். விரைந்து விட்டால் இறால் வானை நோக்கி எழும். தாமதித்தால் காலடி நீரில் அறையும். கவணெறிந்து கிளி ஓட்டிப் பழகிய உழவர் அன்பர்களுக்கு இந்தக் கண அளவு விரைவில் கைவரும். பழகியவர் கையில் இது 40 மீட்டருக்குக் குறையாமல் செல்லும்.

நீரில் விழுந்ததும் தளர்ந்த நூலைச் சுற்றியெடுத்து, எண்ணத் தொடங்கவேண்டும். எண்ணிக்கையே இத்தொழிலின் உயிர். ஆழம் 8 மீட்டர் என்றால் பொய் இறால் தரையைச் சேர 24 முதல் 28 விநாடி ஆகும். தரையைத் தொட்டதும் ஓடிக்கொண்டிருந்த நூல் நின்று, நீர்மேல் தளர்ந்து கிடக்கும். அந்த எண்ணை மனத்தில் கொண்டு, அடுத்த வீச்சில் அதற்கு மூன்று நான்கு எண்ணுக்கு முன்னரே இறாலை எழுப்பினால் பாறையிலும் பாசியிலும் சிக்காமல் காக்கலாம். புதிய இடத்துக்குச் சென்றால் முதல் இரண்டு வீச்சு கணவாய்க்கன்று; ஆழம் அறிவதற்கே எனக் கொள்ளவேண்டும்.

அடுத்து, எழுப்புதல். கோலை மேல்நோக்கி இரண்டு மூன்று முறை ‘விருட், விருட்’ என்று தூக்கவேண்டும். ஒவ்வொரு தூக்கலுக்கும் இடையே தளரும் நூலை ரீல் சுற்றிக்கொள்ளும். அஞ்சிய இறால் எவ்வாறு துள்ளி எழுமோ அவ்வாறு பொய் இறாலும் துள்ளி எழும். கணவாய் இதனைத் தொலைவிலிருந்து கண்டு அணுகும். ஆனால் துள்ளும்போது பிடிக்காது. பிறகு கோலை நிறுத்தி, நூலைச் சிறிது விறைப்பாக வைத்து, இறாலைத் தானே இறங்கவிடவேண்டும். பத்து விநாடிக்குக் குறையாமல் பொறுக்கவேண்டும். கணவாய் தழுவுவது இறங்கும் இவ்வேளையில்தான். புதியவர்கள் தோற்பது இங்கேதான். ஓயாது ஆட்டிக்கொண்டேயிருந்தால் மீன் வரும் என்று நினைத்துக் கையை நிறுத்தமாட்டார்கள்.

கணவாய்க்குக் குட்டையான கரங்கள் எட்டு, நீண்ட கரங்கள் இரண்டு. இரையின் பின்னால் வந்து, நீண்ட கரங்களை நொடியில் நீட்டிப் பற்றி, எட்டுக் கரங்களால் அணைத்து, கிளிமூக்குப் போன்ற அலகால் கடிக்கும். ஊசிகள் வாலில் இருப்பதன் காரணம் இப்போது விளங்கும். அது தழுவும் கணத்தில் கைக்குத் தெரிவது வெட்டு இழுப்பன்று. இறங்கிக்கொண்டிருந்த நூல் திடீரென நிற்கும். அல்லது பக்கவாட்டில் நகரும். அல்லது ஈரத்துணி ஒன்று தொங்குவது போலக் கோல் நுனி கனக்கும். உடனே கோலை உறுதியாக மேலே தூக்கவேண்டும். ஊசி பதிந்துவிட்டால் கணவாய் உடலிலுள்ள குழாயின் வழியே நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாயும். தொடர்ந்து பாயாது, பீய்ச்சி, நின்று, மீண்டும் பீய்ச்சும். அதன் பிடியை அறிந்தவர் பாயும்போது நூலை விட்டு, நிற்கும்போது சுற்றுவர். ரீலின் தடையை அரைக் கிலோவுக்குச் சற்று மேலான இழுப்பில் நூல் வழுகி ஓடுமாறு வைத்தால் கரம் அறுந்து போவதைத் தடுக்கலாம். பாக் நீரிணைக் கரையில் நாம் முதன்முதல் முயன்றபோது தடையை முழுதும் இறுக்கியிருந்தோம், பலமாகத் தூக்கினோம், கரைக்கு வந்தது சாண் நீளமுள்ள ஒரு கரம் மட்டுமே. உடன் நின்ற முதிய மீனவர் ஒருவர் சிரிக்காமல், “ஐயா, அது மீனில்லை, தசை. உழவு மாட்டை இழுக்கிற மாதிரி இழுத்தால் என்ன மிஞ்சும்?” என்றார்.

எதிர்க்கொக்கி இல்லை என முன்னர்க் கூறினோம். ஆகவே நூல் ஒரு கணம் தளர்ந்தாலும் கணவாய் கழன்றுவிடும். ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு வந்து, துறைமேடையின் உயரம் மிகுதியாயின் நீண்ட காம்புள்ள கைவலையை இறக்கி, கணவாயின் வால்புறத்திலிருந்து ஏந்தவேண்டும். அது பின்னோக்கிப் பாயும் உயிராதலால் அஞ்சினால் தானே வலைக்குள் பாயும். நூலைப் பிடித்துத் தூக்கினால் தன் எடையாலேயே கிழிந்து விழும். மேலே வந்ததும் அதன் குழாய் நம் பக்கமோ அடுத்தவர் வேட்டிப் பக்கமோ திரும்பாதவாறு பிடித்தல் நலம். மை சலவைக்கு எளிதில் போவதில்லை.

நேரமும் இடமும்

மாலை மயங்கும் வேளையும் விடியற்காலமும் சிறந்தவை. கணவாய் பகலில் ஆழத்திலும் பாசித்திட்டுகளின் அருகிலும் தங்கி, ஒளி குறையும்போது சிறுமீன்களைத் தேடிக் கரையை அணுகும். இரவில் துறைமேடை விளக்கின் கீழ் நெத்திலியும் மத்தியும் கூடும். விளக்கின் வட்டத்துக்குள் வீசுவது வீண். ஒளியும் நிழலும் சந்திக்கும் எல்லையிலே, நிழற்பக்கத்தில் கணவாய் காத்திருக்கும். அங்கே வீசி, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருமாறு இழுக்கவேண்டும். தூண்களின் நிழலும் அவ்வாறே.

நீரோட்டத்தைக் கடலோர மக்கள் நீவாடு என்பர். நீவாடு முற்றிலும் நின்ற வேளையிலும், மிகக் கடுமையாக ஓடும் வேளையிலும் பயனில்லை. ஓடத் தொடங்கும் வேளையே நல்லது. ஓட்டத்துக்கு எதிர்ப்புறம் சற்று மேலாக வீசினால் இறங்கும் இறாலை நீரே நமக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்கும். மழைநீர் கணவாய்க்கு ஒவ்வாது. உப்புக் குறைந்த நீரை விட்டு விலகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஆறு கலங்கி வந்து சேரும் முகத்துவாரங்களில் பல நாட்களுக்கு வீசிப் பார்ப்பது நேரக்கேடு.

பிடித்ததைப் பேணுதல்

உயிருள்ள கணவாயின் நிறம் நொடிக்கு நொடி மாறும். கண்களுக்கு நடுவே கூரிய கம்பியை உடலை நோக்கிச் சாய்த்துக் குத்தினால் குத்திய பக்கம் பளிச்சென வெளுக்கும். தலைப்பக்கமும் அவ்வாறே செய்தால் அது வலியின்றி இறக்கும், தசையும் கெடாது. பிறகு செய்யவேண்டியது ஒன்று, செய்யக்கூடாதது ஒன்று. பனிக்கட்டியில் வைக்கவேண்டும், ஆனால் பனிக்கட்டி உருகிய நன்னீர் தோலில் படக்கூடாது. பட்டால் தசை வெளுத்து, சுவை குன்றி, விலையும் குறையும். காற்றுப் புகாத பையில் கணவாயை இட்டு, அப்பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்தால் போதும். இவ்வளவு எளிய காரியத்தைப் பெட்டியில் அள்ளிக் கொட்டும் பழக்கத்தால் நம்மவர் கைவிடுகின்றனர்.

விதைநெல் எனும் முட்டைக் கொத்து

இதுவரை சொன்னது பிடிக்கும் முறை. பஞ்சாயத்து உறுப்பினர்கள் கருத்தூன்ற வேண்டிய பகுதி இனி வருவதே.

இக்கணவாயின் வாழ்நாள் ஏறத்தாழ ஓராண்டு. முட்டையிட்டபின் தாய் இறந்துவிடும். மரத்தைப் போலப் பல பருவம் காய்ப்பதன்று. நெற்பயிரைப் போல ஒரே போகம். மீனாயின் இவ்வாண்டு முட்டை அழிந்தாலும் அடுத்த ஆண்டு முட்டையிட முதிய மீன்கள் சில இருக்கும். கணவாய்க்கு அவ்வாறு எஞ்சிய முதிய தலைமுறை இல்லை. ஓர் ஆண்டின் முட்டைகள் ஒரு கடற்பகுதியில் முற்றிலும் அழிந்தால், பிற பகுதியிலிருந்து வந்து சேர்வன அல்லாது அங்கே மறு ஆண்டு விதையே இராது.

அது முட்டையிடும் இடமோ நம் கண்ணெதிரே, கரையருகே உள்ளது. விரல் போன்ற வெண்ணிறப் பைகளைக் கடற்புல்லிலும், பாசியிலும், நீரில் அமிழ்ந்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் கட்டிவைக்கும். ஒரு பையில் சில முட்டைகளே இருக்கும். நீரின் வெப்பத்துக்கேற்ப மூன்று நான்கு வாரங்களில் குஞ்சு வெளிவரும். தாய் காவல் இருப்பதில்லை. கடற்புல் தரையை இழுவைமடி ஒரு முறை வாரிச் சென்றால் ஒரு மாதத்து விதை போயிற்று. பாக் நீரிணையின் கடற்புல் வெளிகளைக் காக்க 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்காகக் காக்கப்படும் அப்புல்லே கணவாய்க்கும் தொட்டிலாகிறது.

ஜப்பானில் கடற்பாசித் தோட்டங்கள் பல இடங்களில் அருகிவிட்டன. அங்குள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் முட்டையிடும் பருவத்துக்கு முன் மரக்கிளைகளைக் கட்டுகளாகக் கட்டி, கல் அல்லது மணல்மூட்டையைப் பிணைத்து, கடலடியில் நிறுத்துகின்றன. மலைக்காடுகளில் மரங்களைக் கலைத்து வெட்டும்போது மிஞ்சும் கிளைகளையே இதற்குப் பயன்படுத்தும் ஊர்களும் உண்டு. கணவாய் வந்து அக்கிளைகளில் முட்டைக் கொத்துகளைத் தொங்கவிடும். கடலில் இறக்கிய முள்விறகுக் கட்டு மறுமாதம் வெள்ளைப் பூ பூத்தது போல் நிற்கும்.

நம் நாட்டிலும் இதைப் போன்ற ஒன்று உண்டு, ஆனால் தலைகீழாக. மேற்குக் கரையில் தென்னம்பாளைக் கட்டுகளைக் கடலில் இறக்கி, அங்கே முட்டையிட வந்து கூடும் ஓட்டுக்கணவாயை அவ்விடத்திலேயே தூண்டிலால் பிடிக்கும் வழக்கம் பெருகி, மீனவர்களிடையே பூசலுக்கும் இடமளித்தது. கட்டை இறக்குவது விதைப்பதற்காகவா, விதைநெல்லை உண்பதற்காகவா என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ஆகவே ஒரு பஞ்சாயத்து மீன்வளத் துறையின் இசைவு பெற்று இவ்வாறு கிளைக்கட்டுகளை இறக்க முன்வருமாயின், அதே தீர்மானத்தில், அக்கட்டுகளைச் சுற்றி முட்டைப் பருவத்தில் எவரும் தூண்டில் வீசுவதில்லை என்பதையும் எழுதிக்கொள்ளவேண்டும். எழுதாவிட்டால் கட்டு இறக்காமலிருப்பதே மேல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986ஆம் ஆண்டு முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதால் அங்கே இத்தகைய முயற்சிக்கே இடமில்லை.

சிறு கணவாயைப் பற்றியும் கேள்வி எழும். கையளவு நீளமுடையவை எளிதில் அகப்படும். தொடக்கக்காரருக்கு அவையே மகிழ்ச்சி தருவன. எதிர்க்கொக்கியற்ற ஊசியாதலால் காயம் மிகுதியின்றிக் கழற்றி விட்டுவிடலாம்; நீரிலிருந்து தூக்காமலே நூலைத் தளர்த்தினால் தானே கழன்று போகும். எந்த நீளத்துக்குக் கீழ் விடுவது என்பதை ஊரார் கூடி முடிவு செய்து, துறைமேடைத் தூணிலேயே வண்ணக்கோடாகத் தீட்டிவிட்டால் அளவுகோல் தேட வேண்டியதில்லை.

துறைமேடை யாருக்கு?

ஜப்பானியத் துறைமுகங்கள் சிலவற்றில் அலைதடுப்புச் சுவர்களின்மீது தூண்டில்காரர் செல்வதற்கே தடை விதிக்கப்பட்டுள்ளது. காரணங்கள் பெரியவையல்ல. அறுந்த நூலையும் உணவுப் பொட்டலங்களையும் விட்டுச் சென்றமை, படகு கட்டும் இடத்தை மறித்து நின்றமை, இரவில் கடலில் தவறி விழுந்தமை. மேடையெங்கும் படிந்த கணவாய் மையை எவரும் கழுவிவிடாததும் மீனவர்களின் குறைகளுள் ஒன்று. இன்று நம் துறைமேடைகளில் இக்கூட்டம் இல்லை. கூட்டம் வருமுன் விதி வகுப்பது எளிது, வந்தபின் அரிது.

துறைமேடை முதலாவதாகப் படகுக்காரருக்கே உரியது. படகு வந்து போகும் வேளையையும் பக்கத்தையும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய பக்கத்தில் ஆளுக்கு ஐந்து மீட்டர் இடைவெளி விட்டு நிற்கச் செய்யலாம். இருவர் தோளோடு தோள் நின்று வீசினால் நூல்கள் பின்னிக்கொள்ளும். அதைவிட விரைவாக வாய்ச்சண்டை பின்னிக்கொள்ளும். கயிறு கட்டிய மிதவை வளையம் ஒன்றும், நீரிலிருந்து ஏறுவதற்கு ஏணி ஒன்றும் இல்லாத மேடையில் இரவில் எவரையும் அனுமதிக்கலாகாது. தூண்டில் வளைவின் கருங்கற்கள் பாசி படிந்து வழுக்குபவை. அங்கே ஆணியடித்த அடிப்பாகமுள்ள காலணியும் மிதப்புச் சட்டையும் இன்றி இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும். அறுந்த நூலைப் போட மேடை முனையில் ஒரு தகரப் பெட்டி வைக்கவேண்டும். காகமும் கொக்கும் கால் சிக்கி மாய்வது பெரும்பாலும் ஓர் ஆள் உயர நீளமுள்ள துண்டு நூலினால்தான்.

வீடு திரும்பியதும் பொய் இறாலை நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி வைக்கவேண்டும். உப்பு படிந்தால் ஊசி துருவேறும். வெயிலில் வைத்தால் துணியின் பசை விடும். மழுங்கிய ஊசியைச் சிறு அரத்தால் தீட்டிக்கொள்ளலாம். வளைந்த ஊசியைக் குறடால் நிமிர்த்தலாம். ஆனால் ஒரு முறைக்கு மேல் நிமிர்த்தியது அடுத்த கணவாயில் ஒடியும்.